இணைப்பு ஆசிரியரின் 12 நாள்: இங்கிலாந்தின் பள்ளி விளையாட்டுக் கூட்டணிகள் எழுந்த கதையும் கலைந்த கதையும்

இங்கிலாந்தில் ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பதினோரு வயது வரை, ஒவ்வொரு வகுப்பிலும், பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் நடத்துவார். கணக்கு, ஆங்கிலம், அறிவியல், அப்புறம் உடற்கல்வி. தனியாக உடற்கல்வி ஆசிரியர் என்று ஒருவர் மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் வருவார். நமக்கும் இது புதிதல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவரும் தேவை என்று சொல்லவில்லை. விளையாட்டு மைதானம் மட்டும் எல்லாப் பள்ளிக்கும் உண்டு. ஆக, மைதானம் இருக்கும், சொல்லித்தர ஆள் இருக்காது.

இந்த ஓட்டையை வெளியாட்களை வைத்து அடைக்கலாம் என்று எல்லா நாட்டிலும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளூர் கிளப் வரட்டும், ஓய்வுபெற்ற வீரர் வரட்டும், தொண்டு நிறுவனம் வரட்டும் என்பார்கள். இங்கிலாந்து இதைப் பேச்சோடு விடாமல், நாடு முழுக்க ஒரு வலைப்பின்னலாகவே கட்டிப் பார்த்தது. அதை முழுதாகக் கட்டி முடித்த சில ஆண்டுகளில் கலைக்கவும் செய்தது. பிறகு அதே வேலைக்கு வேறு வழியில் பணம் கொடுத்தது. ஒரே நாட்டில், ஒரே பிரச்சினைக்கு, இரண்டு வழிகளும் அடுத்தடுத்து நடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான நிகழ்வு இது.

பின்னணி

1984 முதல் 1987 வரை சம்பளப் பிரச்சினையில் ஆசிரியர் சங்கங்கள் நீண்ட போராட்டம் நடத்தின. பள்ளி நேரத்துக்குப் பிறகும் சனிக்கிழமைகளிலும் சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தி வந்தவர்கள் அதை நிறுத்தினார்கள். போராட்டம் முடிந்த பிறகும் அந்த வழக்கம் பழையபடி திரும்பவில்லை. அதே ஆண்டுகளில் பள்ளி மைதானங்கள் விற்கப்படுவதும் பெரிய சர்ச்சையாக இருந்தது.

1998இல் இன்னொரு அடி விழுந்தது. தொடக்கப் பள்ளிகள் எழுத்திலும் எண்ணிலும் கவனம் செலுத்த வேண்டும் என்று டோனி பிளேரின் அரசு முடிவு செய்தது. அதற்காக, முதன்மை அல்லாத பாடங்களின் விரிவான பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றத் தேவையில்லை என்று தற்காலிக விலக்கு கொடுத்தது. அந்தப் பட்டியலில் உடற்கல்வியும் இருந்தது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதை நாம் கிண்டலாகச் சொல்வோம். அங்கே அரசே அதற்கு வழிவிட்டது போல ஆயிற்று.

பயிற்சியிலும் குறை. பட்டப்படிப்புக்குப் பிறகு ஓராண்டுப் பயிற்சி முடித்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வருபவருக்கு, அந்த ஓராண்டில் உடற்கல்விக்குக் கிடைத்தது பல இடங்களில் ஒற்றை இலக்க மணி நேரங்கள்தான். அப்படி வந்தவர் முப்பது குழந்தைகளைக் கூடத்தில் விட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் நடத்த வேண்டும். அந்தக் கூடமோ பல பள்ளிகளில் மதியச் சாப்பாட்டுக் கூடமும்கூட. பன்னிரண்டு மணிக்கு மேசை போட ஆள் வந்து நிற்பார்கள். பயந்த ஆசிரியர் என்ன செய்வார்? வரிசையில் நிற்க வைப்பார், நிறையப் பேசுவார், ஆளுக்கு ஒரு முறை பந்தைத் தொட வைப்பார். பல ஆண்டுகள் கழித்து, 2013இல் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் குறையாகச் சொன்னது: உடற்கல்வி வகுப்பில் ஆசிரியர் பேச்சு அதிகம், பிள்ளைகளின் அசைவு குறைவு.

கூட்டணி எப்படிக் கட்டப்பட்டது

லஃப்பரோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யூத் ஸ்போர்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு 1995இல் தொடங்கப்பட்டது. அதை நெடுங்காலம் நடத்தியவர் சூ கேம்பெல். முன்னாள் உடற்கல்வி ஆசிரியர். பின்னர் பிரபுக்கள் சபை உறுப்பினர் ஆனார். பள்ளி விளையாட்டுக் கூட்டணிகள் என்ற அமைப்புக்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளை இவருடையது. 2000இல் முதல் கூட்டணிகள் தொடங்கின. 2002 அக்டோபரில் கல்வித் துறையும் பண்பாடு, விளையாட்டுத் துறையும் சேர்ந்து இதைத் தேசியத் திட்டமாக அறிவித்தன. 2006 வாக்கில் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் 450 கூட்டணிகள் உள்ளடக்கிவிட்டன.

ஒரு கூட்டணியின் அமைப்பு இப்படி இருந்தது. நடுவில் விளையாட்டைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே முழுநேர மேலாளர் ஒருவர். சுற்றிலும் சுமார் எட்டு மேல்நிலைப் பள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பிலிருந்து விடுப்பு. அந்த இரண்டு நாளில் அவர் ஒருங்கிணைப்பாளர். அதற்கும் கீழே ஏறக்குறைய 45 தொடக்கப் பள்ளிகளும் சிறப்புப் பள்ளிகளும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இணைப்பு ஆசிரியர். அவருக்கு ஆண்டுக்கு 12 நாள் விடுப்பு. அந்த நாள்களில் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆசிரியருக்கான சம்பளம் கூட்டணியின் நிதியிலிருந்து போகும்.

இந்த ஆய்வில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது இந்த 12 நாள்தான். வரவு செலவில் பார்த்தால் கண்ணில் படாத செலவு. பந்து வாங்கினால் படம் எடுத்துப் போடலாம். கூடம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம். மாற்று ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளத்தை யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் கூட்டணி என்ற சொல்லுக்கு உயிர் இருந்தது அந்த நாள்களில்தான்.

இணைப்பு ஆசிரியர் விளையாட்டு நிபுணர் இல்லை. நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருப்பார். ஆனால் தன் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் தெரியும். எந்தப் பிள்ளை தண்ணீருக்குப் பயப்படும், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் கொண்டுவிட ஆள் இல்லை, எந்த வகுப்பு ஆசிரியர் உடற்கல்வி என்றால் நழுவுவார் என்பதெல்லாம் தெரியும். ஒருங்கிணைப்பாளருக்கு விளையாட்டு தெரியும், பள்ளி தெரியாது. கிளப் பயிற்சியாளருக்கு ஒரு விளையாட்டு தெரியும், ஏழு வயதுக் குழந்தை தெரியாது. மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் அரசு விலை கொடுத்து வாங்கியது.

மேசையில் உட்கார்ந்த பிறகு நடந்த வேலைகள் சாதாரணமானவை. ஒருங்கிணைப்பாளர் தொடக்கப் பள்ளிக்கு வந்து வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்துவார். முதலில் இவர் நடத்த அவர் பார்ப்பார், பிறகு இருவரும் சேர்ந்து, கடைசியில் அவர் நடத்த இவர் பார்ப்பார். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுத்து, தொடக்கப் பள்ளிகளுக்கான விளையாட்டு விழாக்களை அவர்களைக் கொண்டே நடத்துவார்கள். பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு பஸ் பிடிப்பார்கள்.

பயிற்சியாளரைப் பள்ளிக்குள் விடுவது இன்னொரு தலைவலி. குழந்தைகளோடு பழகும் எவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும், காப்பீடு வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 2002இல் ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அரசு விளையாட்டு அமைப்பு கொண்டுவந்த கிளப்மார்க் என்ற தரச் சான்று, குழந்தைகளுக்கு எந்தக் கிளப் பாதுகாப்பானது என்று அடையாளம் காட்டியது. தனித்தனியாக 45 தலைமையாசிரியர்கள் 45 முறை செய்ய வேண்டிய சரிபார்ப்பை மையத்தில் இருந்தவர் ஒரு முறை செய்து முடித்தார். சமூகக் கூட்டுறவு என்று நாம் பேசும்போது இந்தக் காகித வேலையை மறந்துவிடுகிறோம். ஊர்க் கிளப்பில் நல்ல மனசு இருக்கும், பள்ளியிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பாதி முயற்சிகள் தொடங்காமலே போகின்றன.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

2002இல் 5 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களில் சுமார் 25 சதவீதம் பேர்தான் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தரமான உடற்கல்வியிலும் பள்ளி விளையாட்டிலும் ஈடுபடுகிறார்கள் என்பது அரசின் மதிப்பீடு. 2008க்குள் அதை 85 ஆக்குவது இலக்கு. 2003-04இல் 62 என்று கணக்கெடுப்பு சொன்னது, 2005-06இல் 80, 2007-08இல் 90. இலக்கைத் தாண்டிவிட்டார்கள்.

இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. தொடக்கத்தில் சொன்ன 25 என்பது எண்ணி எடுத்ததல்ல, மதிப்பீடு. பின்னால் வந்தவை பள்ளிகள் தாங்களே நிரப்பிக் கொடுத்த படிவங்கள். இரண்டு மணி நேரத்தில் வகுப்பு நேரமும் சேரும், பள்ளி முடிந்த பிறகு நடப்பதும் சேரும். இலக்கு வைத்தால் பள்ளிகள் இலக்குக்கு ஏற்றபடி எழுதும் என்பது எந்த நாட்டுத் தலைமையாசிரியருக்கும் தெரிந்ததே. முக்கியமாக, நேரத்தை எண்ணினார்களே தவிர, பிள்ளை என்ன கற்றது என்பதை எண்ணவில்லை. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாலும் கணக்குக்கு ஒரு மணி நேரம்தான்.

ஆனாலும், திசையில் சந்தேகம் இல்லை. ஆஃப்ஸ்டெட் 2008 முதல் 2012 வரை 230 பள்ளிகளைப் பார்த்து எழுதிய அந்த 2013 அறிக்கை, பார்த்த பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பங்கேற்பைக் கூட்டியதிலும் போட்டிகளைப் பெருக்கியதிலும் கூட்டணிகளின் பங்கு தெளிவாகத் தெரிந்தது என்றது. கூட்டணிகளின் வெற்றியை அடித்தளமாகக் கொண்டு புதிய தேசியத் திட்டம் ஒன்றை யோசிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது வெளிவந்தபோது கூட்டணிகளுக்கு அரசு நிதி நின்று போயிருந்தது.

2010 அக்டோபர் 20

அந்த ஆண்டு மே மாதம் டேவிட் கேமரன் தலைமையில் இரு கட்சிகள் சேர்ந்த அரசு வந்தது. நாடெங்கும் சிக்கனம். அக்டோபர் 20 அன்று கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், சூ கேம்பெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளி விளையாட்டுக் கூட்டணிகளுக்கான 16.2 கோடி பவுண்டு தனி ஒதுக்கீடு முடிவுக்கு வருகிறது. இனி பள்ளிகள் தங்கள் பொது நிதியிலிருந்து விருப்பப்படி செலவு செய்துகொள்ளலாம் என்பது சாரம்.

அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இத்தனை செலவுக்குப் பிறகும் பிற பள்ளிகளோடு தொடர்ந்து போட்டிகளில் ஆடும் மாணவர்கள் ஐந்தில் ஒருவர்தான் என்பது. எண்ணில் தவறில்லை. ஆனால் கூட்டணிகளிடம் முதலில் கேட்டது அதையல்ல. எல்லாப் பிள்ளையும் வாரம் இரண்டு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று கேட்டார்கள். அதைச் செய்து முடித்தபோது, போட்டி எங்கே என்று கேட்டார்கள். ஆட்சி மாறினால் அளவுகோலும் மாறும் என்பதை ஒரு திட்டத்தைக் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். கூட்டணிக்காரர்கள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நிதி முழுக்க ஒரே இடத்திலிருந்து வந்ததும் அவர்களுடைய பலவீனம்.

எதிர்ப்பு கிளம்பியது. ஒலிம்பிக் வீரர்கள் கையெழுத்திட்டார்கள், தலைமையாசிரியர்கள் கடிதம் எழுதினார்கள், பள்ளிப் பிள்ளைகளே பிரதமர் வீட்டு வாசலுக்கு மனு கொண்டுபோனார்கள். லண்டன் ஒலிம்பிக்குக்கு இரண்டே ஆண்டுகள் இருந்தன, அரசுக்குச் சங்கடம். டிசம்பரில் கோவ் கொஞ்சம் இறங்கி வந்தார். 2011 கோடை வரை கூட்டணிகளை ஓட்ட 4.7 கோடி பவுண்டு. அதன் பிறகு 2013 வரை, ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலிருந்தும் ஓர் உடற்கல்வி ஆசிரியர் வாரம் ஒரு நாள் தொடக்கப் பள்ளிகளுக்கு உதவ 6.5 கோடி. அமைச்சரும் கடைசியில் காப்பாற்றியது ஓர் ஆசிரியரின் ஒரு நாளைத்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் மேல்நிலைப் பள்ளி முனை மட்டும் பிழைத்தது. தொடக்கப் பள்ளி முனையில் இருந்த 12 நாளுக்கு அதில் இடமில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேசப்படவில்லை. ஆண்டுதோறும் நடந்துவந்த அந்தக் கணக்கெடுப்பும் நிறுத்தப்பட்டது. பள்ளிகளுக்குக் காகிதச் சுமை குறையட்டும் என்பது காரணம். இதனால் 2010க்குப் பிறகு பங்கேற்பு எவ்வளவு சரிந்தது என்று அதே அளவுகோலில் யாராலும் சொல்ல முடியாது. அரசை ஆதரிப்பவர் ஒன்று சொல்வார், எதிர்ப்பவர் ஒன்று சொல்வார், இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்காது. திட்டத்தை நிறுத்துவதைவிட, அளப்பதை நிறுத்தியது நீண்ட நாள் கெடுதல் என்பது என் எண்ணம்.

பணம் திரும்பியது

ஒலிம்பிக் முடிந்தது. பதக்கங்கள் குவிந்தன. தொடக்கப் பள்ளிகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். 2013 மார்ச்சில் அரசு ஒரு மானியத்தை அறிவித்தது. ஆண்டுக்கு 15 கோடி பவுண்டு, தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும், நேராகத் தலைமையாசிரியர் கையில். பள்ளிக்கு 8,000 பவுண்டு, அதற்கு மேல் பிள்ளைக்கு 5 பவுண்டு. 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 9,250 பவுண்டு கிடைக்கும். சர்க்கரை கலந்த குளிர்பானங்களுக்குப் போட்ட வரியின் பெயரால் 2017இல் இது இரட்டிப்பாகி 32 கோடி ஆனது. அதே பள்ளிக்கு அப்போது 18,500.

கூட்டணிகளின் நிதியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும். பார்க்கப்போனால் தொடக்கப் பள்ளி உடற்கல்விக்கு இது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும்.

9,250 பவுண்டில் ஒரு தலைமையாசிரியர் என்ன வாங்க முடியும்? ஒரு முழுநேர ஆசிரியரை வைக்க முடியாது. அடுத்த ஆண்டு பணம் வருமா என்பதும் தெரியாது. முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு என்றார்கள், பிறகு 2020 வரை என்றார்கள், அதன் பிறகு பல முறை கல்வியாண்டு முடியப்போகும் நேரத்தில்தான் அடுத்த ஆண்டுக்கான உறுதி வந்தது. அப்படியானால் ஆண்டு ஒப்பந்தத்தில் கிடைக்கும் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். அது வெளிப் பயிற்சியாளர். நாடு முழுக்கப் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. பள்ளிக்கு இத்தனை மணி நேரம், இத்தனை பவுண்டு என்று விலைப்பட்டியல் வந்தது.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. 2005 செப்டம்பர் முதல் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது பத்து சதவீதம் பாடத் தயாரிப்புக்காக ஒதுக்க வேண்டும் என்று விதி. அந்த நேரத்தில் வகுப்பை யார் பார்ப்பது? பயிற்சியாளர் வருகிறார் அல்லவா, அவரிடம் விட்டால் ஆயிற்று. பிள்ளைகளும் குஷி, ஆசிரியருக்கும் நேரம். மானியத்தை இந்த நேரத்தை நிரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆனால் உடற்கல்வி பீரியட் தயாரிப்பு நேரமாக மாறும் போக்கு பரவலாகவே இருந்தது.

விளைவு என்ன? கூட்டணிக் காலத்தில் வெளியாள் வந்து ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தார். மானியக் காலத்தில் வெளியாள் வந்ததும் ஆசிரியர் அறையை விட்டு வெளியே போனார். பிள்ளைக்கு அன்றைக்கு ஒருவேளை முன்பைவிட நல்ல கால்பந்து வகுப்பு கிடைத்திருக்கலாம். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பள்ளியில் மிஞ்சுவது எதுவும் இல்லை. குழாயை வாடகைக்கு எடுத்ததற்கும் கிணறு வெட்டியதற்கும் உள்ள வித்தியாசம் இது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பகுதிகளில் பழைய கூட்டணிகள் அறக்கட்டளையாகவோ சிறு நிறுவனமாகவோ மாறிப் பிழைத்தன. பக்கத்துப் பள்ளிகள் தங்கள் மானியத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்து, அதே ஒருங்கிணைப்பாளரை மறுபடி அமர்த்திக்கொண்டன. பத்தாண்டு பழகிய முகம் என்பதால் நம்பிக் கொடுத்தார்கள். இந்த இடங்களில் மானியம் நன்றாகவே வேலை செய்தது. ஆக, பள்ளிக்கு நேராகப் பணம் கொடுத்ததே தவறு என்று சொல்ல முடியாது. உறவு ஏற்கெனவே இருந்த இடத்தில் பணம் அதை வளர்த்தது. இல்லாத இடத்தில் பணத்தால் அதை உண்டாக்க முடியவில்லை.

2013 ஜூலையில் நாடாளுமன்றக் கல்விக் குழு இந்த மானியத்தை ஆராய்ந்தபோது, இரண்டு ஆண்டு நிதியால் தொடக்கப் பள்ளி உடற்கல்வி மாறாது, நீண்ட கால உறுதி வேண்டும் என்றது. பள்ளி விளையாட்டு அரசியல் கால்பந்தாக உதைபடுவது போதும் என்று அறிக்கையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியாட்களில் யார் நிலைத்தார்கள்

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட முடியாது. அரசுப் பள்ளிகளில் கிரிக்கெட் அருகிப்போய், கட்டணப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டமாகச் சுருங்குகிறது என்ற கவலையில் 2005இல் தொடங்கிய தொண்டு அமைப்பு சான்ஸ் டு ஷைன். கவுண்டி கிரிக்கெட் வாரியங்கள் வழியாகப் பயிற்சியாளர்கள் தொடக்கப் பள்ளிக்கு வருவார்கள். வகுப்பு ஆசிரியர் கூடவே நிற்பார், பாடத்திட்டமும் அவர் கைக்குப் போகும். கால்பந்தில் பிரீமியர் லீக் கிளப்புகளின் சமூக அறக்கட்டளைகள் 2017 முதல் பிரைமரி ஸ்டார்ஸ் என்ற பெயரில் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் பள்ளி மானியத்தை மட்டும் நம்பியிருப்பவை அல்ல. தங்கள் விளையாட்டின் பணத்திலும் நன்கொடையிலும் நிற்கின்றன. அதனால் நிலைத்தன. ஆனால் அவர்களுக்கு அவர்கள் விளையாட்டுதான் முக்கியம். நீச்சல் தெரியாத பிள்ளையைப் பற்றி ஒரு கால்பந்துக் கிளப் கவலைப்படாது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் பிள்ளை 25 மீட்டர் நீந்த வேண்டும் என்பது அந்த நாட்டின் பாடத்திட்டம். அதற்குக் குளத்தோடும் உள்ளாட்சியோடும் பஸ்காரரோடும் யாராவது பேச வேண்டும்.

2022இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியின் வீராங்கனைகள், பள்ளி உடற்கல்வி வகுப்பில் 63 சதவீதம் பெண் பிள்ளைகளுக்குத்தான் கால்பந்து ஆட வாய்ப்பு இருக்கிறது என்று பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டவர்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அந்தச் சமயத்தில் பெண்கள் கால்பந்தை நிர்வகித்தவர் வேறு யாருமல்ல, அதே சூ கேம்பெல். 2023 மார்ச்சில் அரசு மானியத்தை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு உறுதி செய்தது.

வடக்கே ஸ்காட்லாந்தில் கதை வேறு. அங்கே ஆக்டிவ் ஸ்கூல்ஸ் என்ற வலைப்பின்னலை, விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட்ஸ்காட்லாந்தும் 32 உள்ளாட்சிகளும் சேர்ந்து நிதி கொடுத்து நடத்துகின்றன. இரண்டு கைகள் பிடித்திருப்பதால் ஒரு கை விட்டாலும் விழுவதில்லை. டெய்லி மைல் என்ற தினசரி ஓட்டத் திட்டம் பிறந்ததும் ஸ்காட்லாந்தில்தான். 2012 பிப்ரவரியில் ஸ்டிர்லிங் நகரின் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியில், தன்னார்வலராக வந்த ஒரு முதியவர், இந்தப் பிள்ளைகளுக்கு உடல் தெம்பே இல்லையே என்று சொல்ல, தலைமையாசிரியர் இலைன் வைலி பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் வெளியே ஓடவிட்டார். சீருடை மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம். 2018இல் வெளியான ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, ஓடாத ஒரு பள்ளியோடு ஒப்பிட்டு, அந்தப் பிள்ளைகளின் உடல் தகுதி மேம்பட்டிருந்ததைக் காட்டியது. ஆனால் பர்மிங்காமில் 40 பள்ளிகளில் நடந்த பெரிய பரிசோதனையில், ஓராண்டு முடிவில் உடல் பருமன் அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓடுவது நல்லது. அதைக் காட்டி உடற்கல்வி பீரியடை வெட்டினால் நல்லதல்ல. சில இடங்களில் அந்த ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

2025 ஜூனில் கியர் ஸ்டார்மரின் அரசு, பள்ளிகளையும் உள்ளூர் கிளப்புகளையும் தேசிய விளையாட்டு அமைப்புகளையும் இணைக்கும் புதிய கூட்டணி வலைப்பின்னல் ஒன்றை அறிவித்திருக்கிறது. பதினைந்து ஆண்டு கழித்து, ஏறக்குறைய அதே பெயர்.

நம் பக்கம்

இதில் இந்தியாவுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த இன்டர்நேஷனல் இன்ஸ்பிரேஷன் திட்டத்தில் யூத் ஸ்போர்ட் டிரஸ்டின் விளையாட்டு அட்டைகள் இங்கே வந்தன. பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சிபிஎஸ்இ பள்ளிகளில் உடற்கல்வி அட்டைகளாக அறிமுகமாயின. எந்த வயதுக்கு என்ன விளையாட்டு, எத்தனை பேர், எளிதாக்க என்ன செய்வது என்று படத்தோடு ஒவ்வோர் அட்டையிலும் இருக்கும். விளையாட்டு தெரியாத வகுப்பு ஆசிரியருக்கு அருமையான உதவி. அட்டை வந்தது, அட்டையை ஆசிரியர் கையில் உயிரோடு வைத்திருந்த ஒருங்கிணைப்பாளர் வரவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை எடுத்து நடத்த வேண்டுமானால் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் இருக்கிறார். சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளைச் சேர்த்துக் குறுவள மையம் இருக்கிறது, பயிற்சிகள் அங்கே நடந்து பழக்கம். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ஊர்தோறும் கபடிக் குழுவும் வாலிபால் ஆடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இல்லாதது, இவர்களை இணைக்க யாருக்காவது ஒதுக்கப்பட்ட நாள்.

ஆனால் 12 நாள் விடுப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் தொடக்கப் பள்ளிகளில் ஏராளமானவை ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். மாற்று ஆசிரியரை நாள் கூலிக்கு அனுப்பும் ஏற்பாடும் நம்மிடம் இல்லை. அதனால் நகர வேண்டியவர் பி.டி. வாத்தியார். வாரத்தில் ஒரு நாள், கால அட்டவணையிலேயே எழுதி, மண்டலப் போட்டி வந்தாலும் சுதந்திர தின அணிவகுப்பு வந்தாலும் பிடுங்கப்படாத ஒரு நாள். அன்றைக்கு அவர் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய், வகுப்பு ஆசிரியரைக் கூட நிற்க வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். ஊர் இளைஞர்களில் யாரைப் பள்ளிக்குள் விடலாம் என்பதைத் தலைமையாசிரியரோடும் மேலாண்மைக் குழுவோடும் பேசி எழுத்தில் முடிவு செய்யும் பொறுப்பும் அவருடையதாக இருக்கலாம். அந்த ஒரு நாளுக்கு அவருடைய சொந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பின் பி.டி. பீரியட் யாரிடம் போகும் என்பதை, திட்டம் தொடங்கும் முன்பே அவருடைய தலைமையாசிரியரிடம் பேசி முடித்துவிட வேண்டும்.